ஸ்பிதி (இமாச்சலப் பிரதேசம்) – பெற்றோருடன் 9 நாள் திட்டம், திருத்தம் சொல்லுங்கள்

#1 வழிப்போக்கன்

செப்டம்பர் முதல் வாரம் நான்கு பேர் கிளம்புகிறோம். அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து டிரைவரோடு வாடகை வண்டி.

நாள் 1 மணாலி. நாள் 2 மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியே காஸா. நாள் 3 கீ, கிப்பர். நாள் 4 லாங்ஸா, ஹிக்கிம், கோமிக். நாள் 5 தங்கர், தாபோ பார்த்துவிட்டு நாக்கோ. நாள் 6 கல்பா. நாள் 7 சிம்லா. நாள் 8 சண்டிகர். ஒரு நாள் கையிருப்பு. சந்திரதால் ஏரியை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. தாபோவுக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

#2 குன்றேறி

திட்டத்தில் ஊர்கள் சரி, திசைதான் தவறு. அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள்.

காரணம் உயரக் கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர். குன்சும் 4,551. காஸா சுமார் 3,650. அதாவது முதல் இரவு 2,050-ல் தூங்கிவிட்டு அடுத்த பகலில் 2,500 மீட்டர் ஏறி, அன்றிரவே 3,650-ல் படுக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் உடல் ஓரளவு தாங்கும். எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் விஷயம்.

சிம்லா பக்கமிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக வந்தால் நார்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,650 என்று படிக்கட்டு மாதிரி அமைந்திருக்கிறது. இயற்கையே போட்டுக்கொடுத்த படி.

இதில் பலர் சறுக்கும் இடம் நாக்கோ. வரைபடத்தில் கல்பாவுக்கும் தாபோவுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே இரவு தங்குகிறார்கள். ஆனால் நாக்கோ 3,625 மீட்டர், அடுத்து வரும் தாபோவைவிட உயரம்! கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 665 மீட்டர். பெரியவர்கள் இருக்கும்போது நாக்கோ ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். கல்பா – தாபோ சுமார் 165 கி.மீ., நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் ஆகும். காலை ஏழுக்குள் வண்டி நகர வேண்டும்.

#3 புல்லட் பாண்டி

எல்லாரும் இதையே சொல்றீங்க. மணாலி வழியா உள்ளே போனா ரெண்டு நாள் மிச்சம் பாஸ். எத்தனையோ பேர் போயிட்டுத்தான் வர்றாங்க. டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கிட்டா தீர்ந்துச்சு.

#4 குன்றேறி

பாண்டி, மிச்சப்படுத்துகிற இரண்டு நாளில் ஒரு நாள் காஸா அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கத்தான் போகிறது. அது போகட்டும், இதைவிடப் பெரிய சிக்கல் வேறு.

உயரத்தால் வரும் மலைநோய் முற்றினால் ஒரே வைத்தியம் கீழே இறங்குவது. காஸாவிலிருந்து கீழே என்றால் எந்தப் பக்கம்? மணாலி பக்கம் போனால் முதலில் 4,551 மீட்டரில் இருக்கும் குன்சுமுக்கு ஏறியாக வேண்டும். மூச்சுத் திணறுகிறவரை இன்னும் 900 மீட்டர் மேலே ஏற்றி அதன்பிறகு இறக்குவது என்பது நடக்காத காரியம். அதனால் தாபோ, சும்தோ, ரெக்காங் பியோ என்று கின்னௌர் பக்கம்தான் இறங்க வேண்டும். கின்னௌர் வழியாக வந்தவருக்கு அந்தச் சாலை நேற்றுப் பார்த்த சாலை, எங்கே கல் சரிகிறது, எங்கே தங்க இடம் உண்டு என்று டிரைவருக்கும் தெரியும். மணாலி வழியாக வந்தவர் தெரியாத சாலையில் இருட்டில் இறங்குவார்.

சந்திரதாலில் இருந்தால் கணக்கு வேறு. அங்கிருந்து பாத்தல், சத்ரு, கிராம்ஃபூ என்று மணாலி பக்கமே இறக்கம்.

#5 மாத்திரைப்பெட்டி

டயமாக்ஸ் பற்றி. அசெட்டசோலமைடு என்பதுதான் மருந்து. நம் ஊரில் 250 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று, அதாவது அரை மாத்திரை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். தலைவலி வந்தபிறகு முழு மாத்திரையாக விழுங்கிவிட்டு மேலே ஏறுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதெல்லாம் மருந்தின் இயல்பு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. வழிப்போக்கன், அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டியே கேளுங்கள்.

எதைக் கவனிப்பது? தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொண்டு அன்று மேலே ஏறாதீர்கள். தரையில் கோடு போட்டு, குதிகாலை மறு கால்விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமினால், நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காஸாவில் அரசு சமுதாய நல மையம் இருக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும். அதை ஏற்றிக்கொண்டே இறங்க வேண்டும்.

கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் காலி. மன ஆறுதலுக்கு வாங்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான், குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் வேண்டாம், எண் நன்றாக இருக்கிறது என்று அறிகுறியை ஒதுக்குவதும் வேண்டாம்.

#6 வழிப்போக்கன்

திசையை மாற்றிவிட்டேன். அனைவருக்கும் நன்றி. தாபோ பற்றி யாரும் சொல்லவில்லையே? படங்களில் பார்த்தால் வெறும் மண் கட்டடங்களாகத் தெரிகிறது. கீ கோம்பாதான் (கீ மடம்) அழகாக இருக்கிறது.

#7 சுவரோவியன்

படத்தில் வெறும் மண்ணாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. வெளியே மட்டும்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

தாபோ 996-ல் நிறுவப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைவிடப் பழசு. மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ எழுப்பியது. அவர் வழிவந்த ஜங்சுப் ஓ 46 ஆண்டு கழித்துப் புதுப்பித்ததைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் ஒன்பது கோயில்கள். பெரிய கூடத்தை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண் பழக ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிச்சம் மேலே ஒரு சிறு திறப்பிலிருந்து மட்டும் வரும். நல்ல டார்ச் கொண்டுபோங்கள், ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். கைப்பேசி விளக்கைப் போட்டால் கேமரா என்று நினைத்துத் துறவிகள் தடுப்பார்கள், தனி டார்ச்தான் நல்லது. நடுவில் நான்கு உருவாய் அமர்ந்திருப்பவர் வைரோசன புத்தர். சுற்றிச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரை விட்டு வெளியே மிதப்பது போல் வரிசையாகச் சுதைச் சிற்பங்கள். வைரோசனரையும் சேர்த்துப் பார்த்தால் முழுக் கூடமே ஒரு மண்டலம், அதாவது பௌத்தர்களின் புனித வரைபடம். தட்டையாக வரைகிற மண்டலத்துக்குள் நீங்கள் கால் வைத்து நடக்கிறீர்கள்.

சிற்பங்களுக்குக் கீழே ஓடும் ஓவிய வரிசையை இடதுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். தெற்குச் சுவரில் சுதனன் என்ற வணிகர் மகன் ஞானம் தேடி ஆசான் ஆசானாகப் போகும் கதை. அந்த ஆசான்களில் ஒருவர் திராவிட நாட்டு மேகர், இலக்கணம் அறிந்தவர். பனிமலைச் சுவரில் நம்மூர் வாத்தியார்! வடக்குச் சுவரில் புத்தர் வாழ்க்கை. கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை இருக்கிறது, அதைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

கூடம் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவி வைத்திருக்கும் துறவியைக் கேட்டால் திறப்பார். மதிய உணவு நேரத்தில் கேட்காதீர்கள். ஊருக்கு மேலே பாறைச் சரிவில் குகைகள் உண்டு, மாலை நடைக்கு ஏற்றவை. ஒரு முழு நாள் கொடுங்கள், உடலும் உயரத்துக்குப் பழகும்.

#8 தேநீர்க்குவளை

தாபோவுக்கு முன்னால் ஒரு கிளை: சும்தோவுக்கும் ஹுர்லிங்குக்கும் நடுவே கியூ ஊருக்குப் பிரியும் சாலை, உள்ளே எட்டு கி.மீ. அளவு. உட்கார்ந்த நிலையில் தானாகவே காய்ந்து நிலைத்த ஒரு துறவியின் உடல், சுமார் 500 ஆண்டு பழையது, கண்ணாடிக்குள் இருக்கிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது வழிபடும் உடல், காட்சிப்பொருள் இல்லை. பெற்றோருக்கு அன்று நீண்ட பயணம் என்பதால் சோர்வு பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடங்களில் நடைமுறை: ஸ்தூபி, மணிச்சுவர் (மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய சுவர்), பிரார்த்தனை உருளை எல்லாவற்றையும் வலப்பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும், நம் பிரதட்சிணம் போலவேதான். வண்டியில் போகும்போதும் பாதை இரண்டாகப் பிரிந்து நடுவே ஸ்தூபி நின்றால் உள்ளூர் டிரைவர்கள் இடப்பக்கமாகவே போவார்கள். வாசலில் காலணி கழற்றுங்கள். கல் தரை ஐஸ் போலிருக்கும், தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். காவல் தெய்வங்கள் இருக்கும் கோன்காங் அறைக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. சில மடங்களில் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

#9 சுவரோவியன்

சேர்த்துக்கொள்ள: எல்லா மடங்களும் திபெத்திய பௌத்தத்தின் ஒரே மரபைச் சேர்ந்தவை இல்லை. தாபோ, தங்கர், கீ மூன்றும் கெலுக். கோமிக் ஊரின் தங்யுத் மடம் சாக்யா. பின் பள்ளத்தாக்கின் குங்ரி நிங்மா. இதைத் தெரிந்துகொண்டு போனால் சுவரில் யார் நடுவில் இருக்கிறார், யார் ஓரத்தில் இருக்கிறார் என்பது புரியத் தொடங்கும்.

தங்கருக்கு சிச்லிங்கில் பிரதான சாலையை விட்டு எட்டு கி.மீ. ஏற வேண்டும். ஒருகாலத்தில் ஸ்பிதியின் தலைநகர். பழைய மடம் நிற்பது அரித்துக்கொண்டிருக்கும் மண் முகட்டின் விளிம்பில். அதனால் மொட்டைமாடியில் கூட்டமாக ஏறக் கூடாது, சிலர் இறங்கியபின் ஏறுங்கள். மேலே இருக்கும் ஏரிக்கு ஒரு மணி நேர ஏற்றம், 250 மீட்டர் உயரம். பெரியவர்களுக்கு அது வேண்டாம், மடத்தின் முற்றத்திலிருந்தே பின் ஆறு ஸ்பிதியில் கலப்பது தெரியும்.

கீ 4,166 மீட்டர். அந்தப் புகழ்பெற்ற படம் மடத்தில் நின்று எடுப்பதில்லை. கிப்பர் சாலையில் மடத்தைத் தாண்டி மேலே ஏறி ஒரு வளைவில் நின்று எடுப்பது. காலை வெயிலில் போங்கள்.

#10 புல்லட் பாண்டி

கிப்பர் தாண்டி சிச்சம் பாலம் விட்றாதீங்க. 2017-ல திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தை ஊர்க்காரங்க கம்பியில தொங்குற கூடையிலதான் தாண்டுவாங்க.

கோமிக்ல "உலகத்துலயே உசரமான, வண்டி போற ஊர்"னு போர்டு இருக்கும். 4,587 மீட்டர். போர்டை நம்ப வேணாம், ஆனா அங்க தலை கிர்ருனு இருக்கும், அதை நம்புங்க. ஓடாதீங்க.

#11 கல்தேடி

லாங்ஸா பற்றி ஒரு விஷயம். ஊரைச் சுற்றி மண்ணில் சுருள் சுருளாகக் கற்கள் கிடைக்கும், குழந்தைகள் விற்க வருவார்கள். அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம். டெத்திஸ் கடல் கிடந்த இடம் இது, இந்தியத் தட்டு ஆசியாவில் மோதிக் கடலடியே 4,400 மீட்டருக்கு எழும்பியிருக்கிறது. ஸ்பிதி ஷேல் என்றே இந்தக் கரும்பாறைக்குப் பெயர். இதே வகைப் பாறை நேபாளத்தில் கண்டகி ஆற்றுக்கு மேலே வெளிப்படுகிறது. அங்கிருந்து உருண்டு வருவதுதான் சாளக்கிராமம். முக்திநாத் போய்வந்த வைணவக் குடும்பம் என்றால் லாங்ஸா கல்லைப் பார்த்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிடுவார்!

வாங்காதீர்கள், பொறுக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்து எடுத்தே மேற்பரப்பில் இருந்தவை குறைந்துவிட்டன. புத்தர் சிலைக்குப் பின்னால் நிற்கும் சிகரம் சாவ் சாவ் காங் நில்தா, 6,303 மீட்டர். பிற்பகலில் மேகம் மூடும், எனவே லாங்ஸாவை முதலில், பிறகு ஹிக்கிம், கடைசியில் கோமிக். ஹிக்கிம் அஞ்சலகம் 1983-லிருந்து இயங்குகிறது. அஞ்சலட்டையை முந்தைய இரவே எழுதி வைத்துவிடுங்கள், அங்கே காற்றில் எழுத முடியாது, பேனாவும் மக்கர் செய்யும்.

#12 ஈப்போ இளங்கோ

மலேசியக் கடப்பிதழ். இந்த வழியில் அனுமதிச் சீட்டு வேண்டுமா?

#13 தேநீர்க்குவளை

வேண்டும். இந்தியக் குடிமக்களுக்குத் தேவையில்லை. வெளிநாட்டவர் ரெக்காங் பியோவுக்கும் காஸாவுக்கும் இடையே போக உள்எல்லை அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) எடுக்க வேண்டும், திபெத் எல்லை பக்கத்தில் என்பதால். சிம்லா, ரெக்காங் பியோ, காஸா மூன்றிலும் தருகிறார்கள். கடப்பிதழ், விசா நகல்களும் புகைப்படங்களும் ஐந்தாறு வையுங்கள், சோதனைச்சாவடிகளில் ஒரு நகலை வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறு, அரசு விடுமுறையில் ரெக்காங் பியோ போய்ச் சேராதீர்கள், ஒரு நாள் போய்விடும். மணாலி வழியாகக் காஸா வந்து அதே வழியில் திரும்பினால் இது தேவைப்படாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் அனுமதி எடுக்க வேண்டும், அட்டையே போதும் என்று வாதாடிப் பயனில்லை.

#14 டேங்க் ஃபுல்

பெட்ரோல்: ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரி பங்க், அடுத்து காஸா பங்க். காஸாவிலிருந்து மணாலி சுமார் 200 கி.மீ., நடுவே நம்பி இறங்கக் கூடிய பங்க் கிடையாது. சந்திரதாலுக்குப் போய்வந்தால் இன்னும் 28 சேரும். முக்கால்வாசி முதல், இரண்டாம் கியரில் ஓடுவதால் வழக்கமான மைலேஜில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். சாலை அடைபட்டால் காஸா பங்கில் இருப்பு தீர்ந்துவிடும், அதனால் ஊருக்குள் நுழைந்த அன்றே நிரப்புங்கள், கிளம்பும் அன்று அல்ல.

பணம்: காஸாவில் ஸ்டேட் வங்கி ஏ.டி.எம். உண்டு. பணம் இருக்கும், மின்சாரம் இருக்காது. மின்சாரம் இருக்கும், இணைப்பு இருக்காது. ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.

போன்: வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது என்பது காஷ்மீர், லடாக் விதி. இமாச்சலத்தில் அப்படி இல்லை. காஸாவில் சிக்னல் கிடைக்கும். குன்சும் போகும் வழியில் லோசர் ஊரைத் தாண்டினால் மறந்துவிடுங்கள், வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஹோம்ஸ்டேகளில் உலர் கழிப்பறை இருக்கும். தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், ஒரு மண்வெட்டி. முடித்ததும் இரண்டு வெட்டு மண் தள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கீழே எருவாகி வசந்தத்தில் பட்டாணி, பார்லி வயலுக்குப் போகிறது, தண்ணீர் பட்டால் அழுகி நாறும். மூட்டுவலிக்காரர்களுக்கு மேற்கத்தியக் கழிப்பறை உள்ள அறையைக் காஸாவிலும் தாபோவிலும் கேட்டு வாங்கலாம்.

#15 குன்றேறி

இனி சந்திரதால். காஸா – லோசர் 58 கி.மீ. நல்ல சாலை. குன்சும் தாண்டி இறங்கியதும் பாத்தலுக்குச் சற்று முன் ஏரிச்சாலை பிரியும், சுமார் 14 கி.மீ., ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை, 2005 முதல் ராம்சர் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற) சதுப்புநிலம். முகாம்கள் இரண்டு மூன்று கி.மீ. முன்பே, 4,200 மீட்டர் அளவில் இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சுமார் ஒரு கி.மீ. நடை. செப்டம்பர் இரவு உறைநிலையைத் தொடும்.

பாத்தல் – கிராம்ஃபூ சுமார் 50 கி.மீ., மூன்று நான்கு மணி நேரம். சாலை என்று சொல்வது மரியாதைக்கு. வழியில் நாலாக்கள், அதாவது பனி உருகி வரும் ஓடைகள், சாலையின் மேலேயே பாயும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் நீர் பிற்பகலில் இடுப்புக்கு வரலாம். பகல் வெயிலில் மேலே உருகியது இறங்கிவர நேரமாவதால், வேகம் உச்சம் தொடுவது மதியத்துக்குப் பிறகு. பதினொரு மணிக்குள் கடைசி நாலாவைத் தாண்டியிருக்க வேண்டும்.

கடக்கும் முறை: இறங்கிப் பாருங்கள், முன்னே போகும் வண்டியின் தடத்தைக் கவனியுங்கள். பெரியவர்களை நடை வழி இருந்தால் நடக்கவையுங்கள். முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கியர் மாற்றவோ கிளட்ச் அழுத்தவோ கூடாது. நின்றால் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கூழாங்கல்லை நீர் அரித்துவிடும், வண்டி உட்காரும். கடந்தபின் பிரேக்கை லேசாக நாலைந்து தரம் மிதித்து ஈரத்தை உலர்த்துங்கள்.

கிராம்ஃபூவில் ரோதாங் கணவாய் மேலே ஏறாமல் கோக்சர் பக்கம் இறங்கி அடல் சுரங்கம் வழியாக மணாலி வந்துவிடுங்கள். 9.02 கி.மீ. சுரங்கம், ரோதாங் அனுமதிச் சீட்டுத் தொல்லையும் இல்லை.

#16 வழிப்போக்கன்

திருத்திய திட்டம், இரண்டு நாள் கூட்டிவிட்டேன்:

1 சண்டிகர் – நார்கண்டா. 2 கல்பா. 3 நாக்கோவில் மதியம், தாபோ. 4 தாபோ முழு நாள். 5 தங்கர் பார்த்து காஸா. 6 கீ, கிப்பர், சிச்சம். 7 லாங்ஸா, ஹிக்கிம், கோமிக், இரவு காஸா. 8 சந்திரதால் முகாம். 9 அதிகாலை கிளம்பி மணாலி. 10 மணாலியில் கையிருப்பு நாள். 11 சண்டிகர்.

பின் பள்ளத்தாக்கை விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை.

#17 மாத்திரைப்பெட்டி

8-ம் நாளுக்குள் ஐந்து இரவு 3,200-க்கு மேலே தூங்கியிருப்பீர்கள், சந்திரதால் சரி. ஆனால் 7-ம் நாள் கோமிக் போய்வந்து அப்பா இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் மட்டும். இல்லையென்றால் முகாமை ரத்து செய்யுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

#18 குன்றேறி

ஒரே ஒரு திருத்தம். கையிருப்பு நாள் மணாலியில் இருந்து பயனில்லை, சிக்கல் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். அதைக் காஸாவுக்கு நகர்த்துங்கள். 7-ம் நாள் மாலை காஸா டாக்ஸி ஸ்டாண்டில் அன்று மணாலியிலிருந்து வந்த டிரைவர்களைப் பிடித்து நாலா எப்படி, குன்சும் எப்படி என்று கேளுங்கள். திறந்திருந்தால் 8-ம் நாள் முத் ஊர் வரை போய்வரலாம், காஸாவிலிருந்து 50 கி.மீ., பின் பள்ளத்தாக்கும் கிடைத்துவிடும். 9 சந்திரதால், 10 மணாலி, 11 சண்டிகர். அடைத்திருந்தால் 8-ம் நாளே வந்த வழியில் திரும்புங்கள். கல்பா, நார்கண்டா, சண்டிகர் என்று மூன்று நாள், 10-ம் நாள் இரவே சேர்ந்துவிடலாம், விமானத்துக்கு ஒரு நாள் மிச்சம்.

#19 வழிப்போக்கன்

மாற்றிவிட்டேன். டிரைவரிடமும் இரண்டு வழியையும் சொல்லி, திரும்பும் வழிக்கும் சேர்த்தே வாடகை பேசிவிட்டேன்.